பாவாயியின் கால் அளவு

“அந்தம்மா காலைக் காட்டவே மாட்டேங்குது. நான் எப்படி அளவெடுக்கறது?”

சூசை சலித்துக்கொண்டார். டவுனில் ஒரு செருப்புக் கம்பெனியில் வேலை பார்த்தே தலை நரைத்தவர். கம்பெனியை மூடியபின் இந்த மலையடிவார ஊருக்கு வந்து, மரகதத்தின் கடையில் தொழில் பழகினார். அவள் அவரைவிட வயதில் சின்னவள். ஆனாலும் அவருக்கு வாத்தியாரம்மா.

கடைச் செருப்பு சேராத கால்களுக்கு மரகதம் செருப்பு தைத்தாள். சுற்றுப்பட்டில் வேறு யாரும் அதைச் செய்வதில்லை.

பாவாயி பலகையில் உட்கார்ந்திருந்தாள். யானைக்கால். வெறுங்காலோடு காட்டு வேலைக்குப் போய்ப் புண் வேறு. சேலையை இழுத்து இழுத்து மூடினாள்.

“மகளுக்கு வளைகாப்பு. அதான் வந்தேன். இப்ப வேண்டாங் கண்ணு, நான் போயிக்கறேன்.”

எழுந்தாள்.

மரகதம் தடுக்கவில்லை. சூசையைப் பார்த்தாள்.

“அண்ணே, உங்க ஷூவைக் கழட்டுங்க.”

“என்னுதா? எதுக்கு?”

“கழட்டுங்கண்ணே.”

கடைக்கு வந்ததிலிருந்து அவர் அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. முடிச்சை அவிழ்க்கவே வெகுநேரம் பிடித்தது.

மரகதம் தரையில் ஓர் அட்டையைப் போட்டாள். பென்சிலைப் பாவாயியிடம் நீட்டினாள்.

“அக்கா, இவரு காலைச் சுத்தி ஒரு கோடு போடுங்க.”

சூசையின் கால் அட்டைக்கு வந்தது. மூன்றே விரல்கள். மற்ற இரண்டைக் கம்பெனி மெஷின் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

அவர் காலைப் பின்னுக்கு இழுத்தார். முகம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

பாவாயி கீழே உட்கார்ந்து, அவர் கணுக்காலை மெல்லப் பிடித்தாள்.

“ரொம்ப வலிச்சுதாண்ணே?”

“அப்ப வலிச்சுது. இப்பல்லாம் யாராச்சும் பார்த்தாத்தான்.”

அவள் அவர் காலை மறுபடி அட்டைமேல் வைத்தாள். பென்சில் குதிகாலைச் சுற்றி வந்தது. விரல் இல்லாத இடத்தில் தயங்கியது. பிறகு அந்தப் பள்ளத்துக்குள்ளும் இறங்கிப் போனது.

“ஐயோ, கூசுதும்மா!”

சூசை துள்ளினார். பாவாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார்.

சிரித்து முடித்தவள், தானே இன்னோர் அட்டையை இழுத்துப் போட்டாள். சேலையை ஒதுக்கினாள். காலை வைத்தாள். பென்சிலை அவர் கையில் கொடுத்தாள்.

சூசை மண்டியிட்டுக் குனிந்தார்.

“கோடு கோணல்மாணலாப் போவுதேண்ணே,” என்றாள் பாவாயி.

“கால் போற வழியிலதானேம்மா அது போவணும்.”