உடையாத இறக்கை

திருமூர்த்தி முப்பத்து நான்கு வருடம் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானங்களின் மேல் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. லேசான பால்சா மரச் சீவல்களை ஒட்டி, ஏழு மாதம் உட்கார்ந்து ஒன்றைச் செய்தார். அதைப் பறக்கவிட்ட நாலாவது ஞாயிற்றுக்கிழமை அது அவர் மனைவி சரோஜினியின் கையைக் கிழித்துவிட்டது.

அவள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஃபிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தாள். விமானம் தடுமாறி அவள் பக்கம் இறங்கியது. திருமூர்த்தி அதை மேலே தூக்கப் பார்த்தார். விமானத்தை எப்படியாவது காப்பாற்றிவிடலாம் என்று கடைசி வரைக்கும் பார்த்தார். முகத்துக்கு நேரே வந்ததை அவள் கை நீட்டித் தடுத்தாள். மூக்கில் சுழன்ற விசிறி கிழித்ததில் உள்ளங்கையில் ஒன்பது தையல்.

சரோஜினி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வீட்டில் மின்விசிறியைப் போட்டால் உடனே எழுந்து போய் நிறுத்தினார். வேர்த்து ஊற்றினாலும் போடாமல் இருந்தார்.

ஐந்து மாதம் கழித்து அவளே சொன்னாள்.

"போய்ப் பறக்க விடுங்க. வீட்டுல உக்காந்து என் கையையே பாத்துட்டு இருக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்."

அப்படித்தான் அவர் தெய்வானையைத் தேடிப் போனார்.

தெய்வானைக்கு முப்பத்தெட்டு வயது. சாமான்களைப் பொதிந்து அனுப்பும் ஃபோம் செய்கிற கம்பெனியில் வெட்டும் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிணத்துக்கடவு பக்கம் ஒரு கல்லாங்காட்டில் வாலில்லாத ஃபோம் விமானங்களைப் பறக்கவிடுவாள். அவற்றுக்கு உடம்பும் இல்லை, வாலும் இல்லை. விரித்து வைத்த ஒரு இறக்கை மட்டும்தான். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். தன் மகள் வயதுப் பெண்ணை அப்படிக் கூப்பிடத் திருமூர்த்திக்கு முதல் நாள் நாக்கு எழவில்லை. இரண்டாம் நாள் எழுந்துவிட்டது.

"மாஸ்டர், எனக்கு உடையாத இறக்கை ஒண்ணு வேணும். எதை எடுக்கலாம்?"

தெய்வானை தார்ப்பாயில் மூன்றை எடுத்து வைத்தாள். ஒன்று வெள்ளை, தெர்மாகோல் மாதிரி மணிமணியாக இருந்தது. இன்னொன்று அச்சில் வார்த்தது. வழவழவென்று, கடைக் கண்ணாடிக்குள் வைத்ததுபோல அழகாக இருந்தது. மூன்றாவது கறுப்பு. சொரசொரப்பாக, பார்க்க யாரோ தூக்கிப் போட்ட செருப்பின் அடிப்பாகம் மாதிரி.

"அமுக்கிப் பாருங்க சார்."

வெள்ளை நொறுங்கியது. வழவழப்பானதில் விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. கறுப்பு மட்டும் உள்ளே போய், மெல்ல வெளியே வந்தது.

அவள் கறுப்பை வாங்கினாள். பாறைமேல் ஏறி நின்றாள். தலைக்குமேல் தூக்கி, பலம்கொண்ட மட்டும் கீழே இருந்த கல்லில் அறைந்தாள். திருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது இறக்கை துள்ளிப் போய் அவர் காலடியில் கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"இதேதான் மாஸ்டர். இதை எடுத்துக்கறேன்."

"ஏனுங்க?"

"இது இருந்தா எனக்குப் பயம் இருக்காது."

"சரிங்க," என்றாள் தெய்வானை.

அதே ஃபோமில் வெட்டிய புது இறக்கை ஒன்றைக் கொடுத்தாள். மீதி வேலையை அவர்தான் செய்ய வேண்டும். இரண்டு வாரம் அதிலேயே கிடந்தார். குறுக்கே கார்பன் கம்பியைப் பதித்தார். நார் பதித்த டேப்பை இழுத்து ஒட்டினார். மோட்டாரையும் விசிறியையும் பின்பக்கம் பொருத்தினார். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கத்தி மாதிரி ஆக்கினார். மேலே ஆரஞ்சு நிறம், அடியில் கறுப்பு வெள்ளைப் பட்டை. ராத்திரி படுக்கும்முன் அலமாரிமேல் ஏற்றி வைத்து, துண்டால் மூடிவிட்டுப் படுத்தார்.

கிளம்பும் நாள் காலையில் சரோஜினி வந்து பார்த்தாள். தழும்பு விழுந்த கையால் விசிறியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

"இதுலயும் இருக்குதா?"

"முன்னால இல்ல சரோஜா. பின்னாலதான் இருக்குது. பயமில்ல."

"பின்னாலன்னா, யாருக்குப் பின்னால?"

அவர் விசிறி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் துண்டில் சுற்றினார்.

கல்லாங்காட்டில் அன்று வேறு யாரும் வரவில்லை. காற்று இல்லை. வானம் வெளுத்துக் கிடந்தது. திருமூர்த்தி துண்டைப் பிரித்துக் காட்டினார்.

"ரொம்ப அழகா இருக்குதுங்க சார்," என்றாள் தெய்வானை. இரண்டு கையாலும் வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் திடீரென்று அதைத் தரையில் ஓங்கி அடித்தாள்.

"ஐயோ!"

அந்தச் சத்தம் தன் தொண்டையிலிருந்து வந்தது என்பது திருமூர்த்திக்கு ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. ஓடிப்போய் எடுத்தார். தடவிப் பார்த்தார்.

"உடைஞ்சுதுங்களா?"

"இல்ல."

"இறக்கைக்கு ஒண்ணும் ஆகல. நீங்கதான் கத்துனீங்க."

அவருக்குக் கோபம் வந்தது. முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நின்ற மனிதரிடம் ஒரு பெண் இப்படியா செய்வாள்? இறக்கையை அவளிடமே கொடுத்துவிட்டு ரிமோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"இடது குச்சி வேகம். வலது குச்சி திருப்பறதுக்கும், ஏத்தி இறக்கறதுக்கும். தெரிஞ்சதுதானுங்களே?"

"தெரியும்."

தெய்வானை இறக்கையை வீசினாள். அது சீறிக்கொண்டு போனது. மேலே ஏறியது. வளைந்தது. திருமூர்த்திக்கு மூச்சு வந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. உடம்பு எதையும் மறக்கவில்லை.

மூன்றாவது சுற்றில்தான் அந்தச் சத்தம் கேட்டது. ஆட்டு மணிச் சத்தம்.

காட்டின் தென்கோடியில், வேலி முள்ளுக்கு அப்பால் இருந்து ஒரு பெண் இருபது ஆடுகளை ஓட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். தலையில் துண்டைப் போட்டிருந்தாள். குனிந்தபடி நடந்தாள். மேலே எதுவும் பறக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

"நான் போய்ச் சொல்றேன். நீங்க வடக்காலயே வச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டுத் தெய்வானை ஓடினாள்.

வடக்கு. திருமூர்த்தி இறக்கையை வடக்கே திருப்பினார். திருப்பினோம் என்றுதான் நினைத்தார். அது தூரத்தில், வெளுத்த வானத்தில் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. ஆரஞ்சும் இல்லை, பட்டையும் இல்லை. வெறும் கோடு. அது போகிறதா, வருகிறதா?

வால் இருந்தால் தெரியும். இதற்கு வால் இல்லை.

வலது குச்சியை லேசாக இடப்பக்கம் தள்ளினார். கோடு சாய்ந்தது. எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்ல முடியவில்லை. காதுக்குள் மின்விசிறிச் சத்தம் கேட்டது. கோடு பெரிதானது.

வருகிறது.

அவரைப் பார்த்து இல்லை. தென்கோடியைப் பார்த்து வந்தது. தாழ வந்தது. அங்கே தெய்வானை ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தடி தள்ளி ஆட்டுக்காரப் பெண் கையைப் புருவத்தில் வைத்து, யார் இந்தப் பொம்பளை என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாஸ்டர்!" என்று கத்தினார். அது அவளுக்குக் கேட்கவில்லை.

ரிமோட்டை வாங்கிக்கொள்ள பக்கத்தில் யாரும் இல்லை. விரல் தானாகவே வலது குச்சியைப் பின்னால் இழுத்தது. மேலே தூக்கு. தூக்கிவிடலாம். அவர்கள் தலைக்குமேல் போய்விடும். போகுமா? போகும். போகாவிட்டால்? அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். சத்தம் கேட்டிருக்க வேண்டும். வருவது என்னவென்று தெரியாமல் ஒரு கையை முகத்துக்கு முன்னால் உயர்த்தினாள்.

திருமூர்த்தி இடது குச்சியை அடிவரை இறக்கினார். வலது குச்சியை முழுக்க முன்னால் தள்ளினார்.

மோட்டார் நின்றது. இறக்கை மூக்கைக் குத்திக்கொண்டு செங்குத்தாக இறங்கியது. கல்லில் விழுந்த சத்தம் காடு முழுக்கக் கேட்டது. ஆடுகள் சிதறி ஓடின.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். குச்சிகளிலிருந்து விரலை எடுக்க முடியவில்லை. யாராவது அழுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டார். கேட்கவே பயமாகவும் இருந்தது. கடைசியில் ஆட்டுக்காரப் பெண்ணின் குரல்தான் வந்தது.

"ஏனுங்க, அது என்ன கழுகுங்களா? செத்துப்போச்சா?"

எழுந்து போனார். இறக்கை விழுந்த இடம் அவர்களிடமிருந்து முப்பது தப்படி இருக்கும். தெய்வானை அதன் பக்கத்தில் குந்தியிருந்தாள். முதல் வேலையாகப் பேட்டரியைப் பிடுங்கினாள். அது ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. தீப்பிடித்துவிடக் கூடாது என்று கொண்டுபோய்ப் புல் இல்லாத கல்தரையில் தனியாக வைத்துவிட்டு வந்தாள்.

திருமூர்த்தி குனிந்து இறக்கையை எடுத்தார். கார்பன் கம்பி இரண்டாக ஒடிந்து, ஃபோமைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியது. மோட்டார் பிய்ந்து ஒயரில் தொங்கியது. மூக்கு நசுங்கி உள்ளே போயிருந்தது. இந்தத் தடவை அது மெல்ல வெளியே வரவில்லை.

ஆட்டுக்காரப் பெண் பக்கத்தில் வந்து பார்த்தாள்.

"அடடா. நல்ல கலரு அடிச்சு வச்சிருந்தீங்களே. போச்சுங்களே."

"போகட்டும்மா. உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கு என்னங்க ஆகுது? குட்டி ஒண்ணு மிரண்டு ஓடிப்போச்சு. அதான் தேடோணும்."

அவள் குரல் கொடுத்துக்கொண்டே ஆட்டுக்குட்டியைத் தேடிப் போனாள். அவள் வேலி முள்ளைத் தாண்டி மறையும்வரை திருமூர்த்தி கண்ணை எடுக்கவில்லை. அவள் நடக்கிறாள், கையை வீசி வீசி நடக்கிறாள் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். தெய்வானை தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். பாதி வாயிலும் பாதி சட்டையிலும் போனது.

இருவரும் கல்லில் உட்கார்ந்தார்கள். திருமூர்த்தி இறக்கையை மடியில் வைத்துக்கொண்டார். வெயில் ஏறியது.

"மாஸ்டர்," என்றார் திருமூர்த்தி. "இதுவும் உடைஞ்சிருச்சு."

"ஆமாங்க."

"பயமும் போகல. முன்னைக்கு இப்ப அதிகமாத்தான் இருக்குது."

"இருக்குமுங்க."

"அப்ப உடையாதது எதுதான் மாஸ்டர்?"

தெய்வானை ஒடிந்த இறக்கையை அவர் மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"அது எனக்குத் தெரியாதுங்க சார். அந்தக் குச்சியை முன்னால தள்ளுனீங்களே, அப்ப எது உடையக் கூடாதுன்னு நெனச்சீங்க?"

திருமூர்த்தி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறகு எழுந்து, மிரண்டு ஓடிய ஆட்டுக்குட்டியைத் தேட வேலிப் பக்கம் நடந்தார்.