வடுவும் உள்ளங்கையும்

ஒரு பெண்ணின் இடது கன்னத்தில் ஒரு வடு குடியிருந்தது. பெண்ணின் பெயர் கோமளா. பள்ளி நாளில் அவள் கிள்ளிவிட்ட பரு குழியாகிப்போனபோது, ஓடிவந்து அவசர அவசரமாகப் புண்ணின் வாயை அடைத்தது அந்த வடுதான். அடைத்ததே தவிர, பள்ளத்தை நிரப்பவில்லை. வேலை முடிந்ததென்று அப்படியே உறங்கிவிட்டது.

அதற்கு ஒரே துணை கோமளாவின் உள்ளங்கை. எதிரே யாராவது வந்து பேசினால் போதும், உள்ளங்கை விரைந்துவந்து வடுவை மூடிக்கொள்ளும். "என்மேல் இதற்குத்தான் எவ்வளவு பாசம்!" என்று வடு பூரித்துப்போகும். பாவம், அதற்கு வேறு உறவு ஏது?

ஒருநாள் தோல் மருத்துவரின் அறையில் கன்னம் மரத்துப்போக ஒரு களிம்பு பூசினார்கள். பிறகு நுண்ணூசிகள் கூட்டமாக இறங்கின.

"ஆறிப்போன புண்ணை ஏன் குத்துகிறாய்?" என்றது வடு.

"ஆறியதா? மூடி வைத்திருக்கிறாய், அவ்வளவுதான். எழுந்து மிச்ச வேலையைப் பார்" என்றது ஓர் ஊசி.

"எனக்கென்ன குறை? உள்ளங்கை என்னைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறதே!"

"பொத்தி வைப்பதெல்லாம் பாசமாகிவிடாது. அவள் உன்னை ஒளித்து வைக்கிறாள்" என்றது ஊசி.

ஊசி குத்தியது வடுவுக்கு வலிக்கவில்லை. அது சொன்னதுதான் வலித்தது.

"கன்னம் சிவக்கும், எரியும். கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா" என்றார் மருத்துவர். "நீங்களா வலி மாத்திரை போட்டுடாதீங்க. இந்த எரிச்சல்தான் தோலை எழுப்பி வேலை வாங்கும். தாங்கவே முடியலன்னா எனக்கு போன் பண்ணுங்க."

வீடு திரும்பியதும் கன்னம் தீயாய் எரிந்தது. கோமளாவின் கை பையைத் துழாவியது. வலி மாத்திரை ஒன்று உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"ஒரு வாய்த் தண்ணீர் போதும். எல்லாரையும் தூங்க வைத்துவிடுகிறேன்" என்று குழைந்தது.

"ஊசி சொன்னது உண்மையா?" என்று வடு உள்ளங்கையிடம் கேட்டது.

"உண்மைதான். முதலில் வெட்கத்தில்தான் வந்தேன். வந்து வந்து உன்னோடு பழகிவிட்டேன். இந்த மாத்திரை உள்ளே போனால் நீ இப்படியே இருப்பாய், நானும் வந்துகொண்டே இருப்பேன். நீ நிறைந்துவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை?"

வடு எரிந்துகொண்டே இருந்தது.

உள்ளங்கை மாத்திரையோடு வாய்வரை போனது. பிறகு மாத்திரையைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டது.

மாதங்கள் போயின. ஊசிகள் இன்னும் சில முறை வந்துபோயின. வடு விழித்திருந்து, தன் பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பியது. முழுக்க மறைந்துவிடவில்லை. மேடு பள்ளம் தெரியாமல் கன்னத்தோடு கன்னமாக இருக்கக் கற்றுக்கொண்டது.

ஒரு காலையில் கோமளா பேருந்துக்காகக் காத்திருந்தாள்.

"என்ன கோமளா, எங்க கிளம்பிட்ட?" என்று கேட்டபடி எதிரே வந்தாள் பக்கத்து வீட்டு நாகம்மை.

உள்ளங்கை உயர்ந்தது. வடு பழைய ஞாபகத்தில் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தது.

உள்ளங்கை கன்னத்தைத் தாண்டிப் போய், வருகிற பேருந்தை நிறுத்தியது.