எண்ணெய் குடித்த அம்மன்

ஒரு தேயிலை மலையில் சிறிய மாரியம்மன் கோயில் ஒன்று இருந்தது. அங்கே ஒரு குத்துவிளக்கும் ஒரு மரக்கதவும் ஒன்றாக வாழ்ந்துவந்தன.

மாலைப் பூசை முடிந்ததும் விளக்கில் மிஞ்சும் எண்ணெயை வழித்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது அந்த ஊர் வழக்கம். கரடிக்கு எண்ணெய் என்றால் உயிர் என்று வனக்காவலர் மாதன் சொல்லி ஏற்படுத்தியது அது. இரவெல்லாம் வெறும் வயிற்றோடு நிற்பது விளக்குக்கு அவமானமாக இருந்தது.

அந்த வருடம் செங்கமலத்தின் மகள் வினோதினி காய்ச்சலில் படுத்தாள். அவள் பிழைத்தால் போதும் என்று, ஒரு மண்டலம் விடிய விடிய விளக்கேற்ற வேண்டிக்கொண்டாள் தாய். மாதன் தடுத்துப் பார்த்தார். சாமி காரியத்தில் கரடியை இழுக்காதீர்கள் அண்ணே என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

விளக்கு நிமிர்ந்து நின்றது. "பார்த்தாயா, ஓர் உயிர் என் சுடரை நம்பி நிற்கிறது."

"உன் வாசனை வெளியே போகிறது. யாரோ என்னை மோந்து பார்க்கிறார்கள்," என்றது கதவு.

"நீ தாழ்ப்பாளைக் கட்டிக்கொண்டு அழவே பிறந்தவன்."

பத்தாம் நாள் பின்ஜன்னல் பலகை பெயர்ந்தது. கரடி வந்து எண்ணெயைக் குடித்தது. சாமிக்கு வைத்ததைத் தொடலாமா என்று விளக்கு கேட்டது.

"யாருக்கு வைத்தது என்று எனக்கென்ன தெரியும்? தினமும் வைக்கிறார்கள். தினமும் வருவேன்," என்றது கரடி.

காலையில் செங்கமலம் துளி மிச்சமில்லாத விளக்கைப் பார்த்தாள். அம்மனே வந்து குடித்துவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் இன்னும் கூடுதலாக ஊற்றினாள். காய்ச்சலும் இறங்கியது.

கடைசி நாள் பெரிய பாத்திரம் நிறைய எண்ணெய் வைத்தாள். விடிந்தும் கரடி குடித்து முடிக்கவில்லை. குளித்து முழுகிய வினோதினி, நன்றி சொல்லத் தாய்க்கு முன்னால் ஓடிவந்தாள்.

கதவு தன்னால் முடிந்தவரை நிலையை இறுக்கிப் பிடித்தது. மழையில் ஊறியிருக்கிறது போல என்று அவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

திடுக்கிட்ட கரடி வெளிச்சத்தை நோக்கிப் பாய்ந்தது. வெளிச்சத்தில் அவள் நின்றிருந்தாள்.

அவளை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

"நான் யாருக்காக எரிந்தேன்?" என்றது விளக்கு.

மத்தியானம் செங்கமலம் வந்தாள். தன்னை எட்டி உதைக்கப் போகிறாள் என்று விளக்கு காத்திருந்தது. அவள் மண்டியிட்டாள்.

"தாயே, அவ கண்ணத் தொறக்கட்டும். இந்தத் தடவ ரெண்டு மண்டலம் ஏத்தறேன்."

விளிம்பு வழிய ஊற்றினாள்.