அமலியின் சாய்வு

ஆறுமுகநயினார் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் தூத்துக்குடியில் டெல்பினிடம் சேர்ந்து, உடம்பை நீவி நிலை சரிசெய்யும் சிகிச்சையைக் கற்றுக்கொண்டிருந்தார். டெல்பின் அவரைவிட இருபத்திரண்டு வயது இளையவள். ஆனாலும் அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

அவள் முதன்முதலில் அவரை நம்பி ஒப்படைத்த ஆள் அமலி. உடம்பு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. கழுத்து வலியில் அவளுக்குத் தூக்கம் போய் மாதக்கணக்காகிவிட்டது.

புதன்கிழமைதோறும் அவர் நீவிவிட்டார். எழுந்ததும் நேராக நிற்பாள். அடுத்த புதன் சாய்ந்தே வருவாள்.

ஐந்தாம் வாரம் அவருக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், கால் ரெண்டும் ஒரே அளவுதான். இடுப்பும் நல்லா இளகிட்டு. பிறகு எதுக்குத் திரும்பத் திரும்பச் சாயுது?"

"எந்தப் பக்கம்?"

"எப்பவும் வலது பக்கம்தான்."

"அங்க என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? வலது கை இருக்கு."

"கைக்கு அந்தப் பக்கம்?"

அவர் தன் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கும் தெரியல சார். அவங்க வீட்டுக்குப் போய்ப் பாருங்க. சும்மா உக்காந்திருந்துட்டு வாங்க."

மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றிய பிறகும் வாசலிலேயே நின்றார்.

"அமலியோட வீட்டுக்காரருக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆயிருக்கு. குரல் போயிட்டு, வெறும் காத்துதான் வருது. தாழ்ந்த கட்டில்ல படுத்திருக்காரு. அந்தம்மா பக்கத்துல நாற்காலி போட்டு, வலது காதை அவர் வாய்கிட்ட கொண்டுபோய், நாள் பூரா ஒரே பேச்சு. சிரிப்பு வேற."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நிமிந்து உக்காருங்கம்மான்னேன். வாயில தானா வந்துட்டு. அவங்களும் உடனே நிமிந்துட்டாங்க."

"வீட்டுக்காரரு?"

"அவர் ஏதோ சொன்னாரு. இவங்களுக்குக் கேக்கல. இன்னொரு தடவ சொன்னாரு. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு."

"அப்புறம்?"

"பழையபடியே சாஞ்சுக்கோங்கம்மான்னு நானே சொல்லிட்டு வந்துட்டேன். ஆனா அந்தக் கழுத்து தாங்காது டீச்சர்."

அதன் பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"அடுத்து எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்? கழுத்தா, இடுப்பா?"

"கட்டில்லருந்து," என்றாள் டெல்பின். "நாலு காலுக்கும் ரெண்டு ரெண்டு செங்கல் வச்சுத் தூக்கிவிடுங்க சார்."