ஓடையைத் தாண்ட மூன்று வார்த்தை

"பதினோரு ஞாயிறு மலையேறிட்டேன், டீச்சர். எனக்குன்னு ஒரு பேட்ச் பிள்ளைங்கள எப்போ குடுப்பீங்க?"

கேட்டவர் வைரப்பெருமாள். துறையூர் வெங்காய மண்டியில் ஏலம் விடுகிறவர். ஐம்பத்திரண்டு வயது.

டீச்சர் எஸ்தருக்கு முப்பத்து நாலுதான். டவுன் பிள்ளைகளை ஞாயிறுதோறும் பச்சைமலைக்குக் கூட்டிப்போய்க் காட்டில் நடக்கப் பழக்குகிறவர். உதவிக்கு ஆள் வேண்டும் என்று அவர் சொன்னதும் தானாக வந்து ஒட்டிக்கொண்டவர் வைரப்பெருமாள்.

எஸ்தர் முன்னால் ஓடிய ஓடையைப் பார்த்தார். நேற்றைய மழையில் தண்ணீர் கூடியிருந்தது. எட்டுப் பெண்பிள்ளைகள் கரையில் நின்று கசமுசவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கே தரேன், அண்ணே. ஆனா இவங்க ஓடையைத் தாண்டி முடிக்கிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"அதெப்படி? பத்து வார்த்தை."

"ஒண்ணும் கிடையாது."

"அஞ்சு. பச்சப் புள்ளைங்க, டீச்சர்."

"பத்தாங்கிளாஸ் படிக்கிற பச்சப் புள்ளைங்க. ரெண்டு."

"மூணு. பேச்சு முடிஞ்சுது."

எஸ்தர் சிரித்துவிட்டார். "சரி, மூணு." ஒரு பாறைமேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

வைரப்பெருமாளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பூஜ்யத்தை மூன்றாக்கிவிட்டார்.

முதலில் இறங்கியவள் மணிமொழி. அவள் முன்னால் இருந்த கல்லில் பச்சையாக ஏதோ மின்னியது.

"பாசி!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட, தண்ணீருக்குள் காலை விட்டாள்.

"பாத்துட்டேன் அங்கிள்! நீங்க கத்துனதுலதான் வழுக்குச்சு!"

கரையே சிரித்தது.

அடுத்து இரண்டு பேர் ஒரு மரக்கிளையைப் பாலமாகப் போட இழுத்து வந்தார்கள். உளுத்த கிளை.

"வேண்டாம்!"

கிளையைப் போட்டுவிட்டார்கள். அதோடு எல்லாமே நின்றுபோனது. ஒருத்தி காலை எடுப்பாள், அவர் முகத்தைப் பார்ப்பாள், எடுத்த காலைத் திரும்ப வைத்துக்கொள்வாள். பத்து நிமிடம் இப்படியே போனது.

அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. விருட்டென்று திரும்பி, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பின்னால் மெல்லப் பேச்சு கிளம்பியது.

"கொஞ்சம் மேல போய்ப் பார்ப்போமாடி?"

"இந்தக் கல்லு ஆடுது. அத விடு."

"கையப் புடின்னா சடையப் புடிக்கிறியே!"

அவர் திரும்பியபோது ஏழு பேர் அக்கரையில் இருந்தார்கள். மணிமொழியைத் தவிர ஒருத்திக்கும் கால் நனையவில்லை. அடேங்கப்பா என்று தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

இக்கரையில் ஷாகிரா மட்டும் நின்றாள். பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"அங்கிள், எனக்குத் தண்ணின்னா பயம். நான் திரும்பிப் போயிடட்டுமா?"

'வா' என்றால் போதும், வந்துவிடுவாள். நடுங்கிக்கொண்டே வருவாள்.

வைரப்பெருமாள் செருப்பைக் கழற்றினார். கல் வரிசைக்குக் கீழே, தண்ணீர் போகிற பக்கமாக, வேட்டி சட்டையோடு இறங்கி உட்கார்ந்தார். ஐஸ் மாதிரி நெஞ்சில் ஏறியது. இரண்டு கையாலும் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முங்கு முங்கினார்.

"அய்யே, சட்டையோட குளிக்கிறாரு பாருங்கடி!"

சிரித்தபடியே ஒரு காலைக் கல்லில் வைத்தாள் ஷாகிரா.

இரண்டாவது கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவர் கழுத்தைத் தேய்த்தார். மூன்றாவது கல்லைத் தவழ்ந்து கடந்தாள். அவர் காதைக் கழுவினார். கடைசிக் கல்லில் ஏழு பேரும் சேர்ந்து அவளை வாரி இழுத்துக்கொண்டார்கள்.

வைரப்பெருமாள் அக்கரை ஏறினார். உடம்பு வெடவெடத்தது. சொட்டச் சொட்டத் திரும்பி நின்று, மொத்த மண்டியும் நிமிர்ந்து பார்க்கிற குரலை எடுத்தார்.

"டீச்சர்!"

பாறைமேல் யாரும் இல்லை.

"நீங்க குளிக்க ஆரம்பிச்சதுமே டாட்டா காட்டிட்டுக் கீழ எறங்கிட்டாங்களே, அங்கிள்," என்றாள் ஷாகிரா.