மூன்றாவது ரேடியேட்டர்

ஜெயசீலன் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. காய்கறிக் கடையில் தராசு முள்ளைப் பார்த்த பிறகு, தட்டுக்கு அடியிலும் குனிந்து பார்ப்பார். இருபது வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். விபத்து வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, எந்த நசுங்கல் நிஜம், எது சுத்தியலால் தட்டியது என்று கண்டுபிடித்தே வயிறு வளர்த்தவர்.

அப்படிப்பட்டவர் மேலேயே ஒரு பழி விழுந்தது. நடக்காத விபத்துக்குக் கையெழுத்துப் போட்டார் என்றார்கள். அவர் போடவில்லை. அதை ஒருத்தரும் நம்பவில்லை. விசாரணை முடிவதற்குள் மனசு விட்டுப்போய் வேலையை உதறிவிட்டார்.

பிறகு அவர் வந்து சேர்ந்த இடம் கோவையில் தமயந்தியின் பட்டறை. ரேஸ் கார்களைத் தயார் செய்கிறவளும் அவளே, ஓட்டுகிறவளும் அவளே. அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவள். அவர் அவளை "மேடம்" என்பார், அவள் அவரை "அண்ணா" என்பாள். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் யார் குரு, யார் சீடன் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும்.

சேர்ந்த நாளிலிருந்து ஜெயசீலன் ஒரே ஒரு கேள்விக்காகப் பயந்துகொண்டிருந்தார். பழைய வேலையை ஏன் விட்டீர்கள்? அவள் அதைக் கேட்கவே இல்லை. தெரியாமல் கேட்கவில்லையா, தெரிந்துகொண்டு வேவு பார்க்கிறாளா? தெரிந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவாள். இதுவும் போனால் போக்கிடம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ரேஸ். தமயந்தியின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் வண்டியோடு வந்த ரேடியேட்டர் நாலைந்து சுற்றிலேயே திணறியது. சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். வெளியில் விற்கிற பெரிய அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை மாட்டாமல் ரேஸில் இறங்க முடியாது.

"அண்ணா, ரேடியேட்டரு நீங்களே பாத்து எடுத்துட்டு வந்துருங்க," என்றாள் தமயந்தி.

"நானுங்களா?"

"நீங்கதான்."

"எந்தக் கம்பெனி எடுக்கறதுங்க?"

"உங்களுக்கு எது சரின்னு படுதோ, அதுங்ண்ணா."

ஜெயசீலனுக்குச் சந்தேகம் தட்டியது. இவ்வளவு பெரிய பொறுப்பை இவ்வளவு சாதாரணமாக யாராவது தூக்கிக் கொடுப்பார்களா? இன்ஜின் வெந்துபோனால் என் தலையில் கட்டவா? இல்லை, கடைக்காரனிடம் கமிஷன் அடிக்கிறேனா என்று பார்க்கவா?

உக்கடத்தில் ரேடியேட்டர் கடை வைத்திருந்த சபாபதி மூன்றை எடுத்து வைத்தார். இந்த வண்டிக்குப் பொருந்துவது ஊரிலேயே இந்த மூன்றுதான் என்றார்.

முதலாவது முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. இத்தனை மினுக்கு எதை மறைக்க? இரண்டாவதில் வெல்டிங் ஒரு மூலையில் கோணலாக ஓடியிருந்தது. மூன்றாவதில் எத்தனை முறை திருப்பிப் பார்த்தும் ஒரு குறையும் கண்ணில் படவில்லை. அவரை அதிகம் உறுத்தியது அதுதான்.

"மூணையுமே கொண்டு போங்க சார். வேண்டாததைத் திருப்பிக் குடுங்க, போதும்," என்றார் சபாபதி.

"என்னைய உங்களுக்குத் தெரியாதுங்களே?"

"அம்மிணி அனுப்புன ஆளுதானுங்களே. அப்பறம் என்னங்க?"

ஓகோ, இரண்டு பேருக்கும் ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டே ஜெயசீலன் மூன்றையும் ஏற்றிக்கொண்டு வந்தார்.

பட்டறையில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. ரேடியேட்டரின் வாய்களை ரப்பரால் அடைத்துத் தண்ணீரில் முக்கி, அழுத்தம் காட்டும் முள் வைத்த கைப்பம்பால் காற்றடிப்பார்கள். ஓட்டை இருந்தால் குமிழி கிளம்பும். எந்த அளவுக்கு அடிக்க வேண்டும் என்பது ரேடியேட்டர் மூடியிலேயே அச்சாகியிருக்கும்.

முதலாவதை முக்கி, மூடியில் போட்டிருந்த அளவுக்கு அடித்தார். குமிழி வரவில்லை. அவர் நெற்றியைச் சுருக்கினார். இன்னும் அடித்தார். வரவில்லை. பம்பின் முள் பொய் சொல்கிறதோ என்னவோ. மூச்சு வாங்க வாங்க அடித்தார். டப்பென்று வெல்டிங் தையல் பிரிந்து தண்ணீர் முகத்தில் அடித்தது.

"பாத்தியா! டூப்ளிகேட்!" என்று காலிப் பட்டறையில் கத்தினார். பல நாளாக அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

இரண்டாவதும் அதே போலப் பிரிந்தது. மூன்றாவதை முக்கி அளவு வரைக்கும் அடித்து நிறுத்தியிருந்தபோது தமயந்தி உள்ளே வந்தாள்.

"ரெண்டும் ஏமாத்துங்க மேடம். வெடிச்சுப்போச்சு."

அவள் பிரிந்த தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எந்த அளவுல பிரிஞ்சுது?"

"மூடியில இருக்கறதுக்கு மூணு மடங்கு இருக்கும்."

"மூடி அளவுல குமிழி வந்துச்சுங்களா?"

"வர்லீங்க."

"அப்பறம் ஏன் மேல போனீங்க?"

"வராததுதாங்க சந்தேகமா இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. "ரெண்டும் நல்ல சரக்குங்ண்ணா. அளவு தாண்டுனா மூடியே திறந்து அழுத்தத்தை வெளிய விட்டுரும். வண்டியில அத்தனை அழுத்தம் வராது."

"வராதுன்னு எதை வெச்சு நம்பறதுங்க?"

தமயந்தி பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தாள்.

தொட்டியில் மூன்றாவது ரேடியேட்டர் அசையாமல் கிடந்தது. ஒரு குமிழி இல்லை. ஜெயசீலனின் கை பம்பின் பிடியில் இருந்தது. ஊரில் நாலாவது கிடையாது. இதுவும் பிரிந்தால் ஞாயிற்றுக்கிழமை வண்டி இறங்காது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

அவர் ஒரு தடவை அழுத்தினார். முள் கொஞ்சம் ஏறியது. ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு தடவை அழுத்தினார்.

"ஏனுங்க மேடம், நிறுத்தச் சொல்ல மாட்டீங்களா?"

"உங்ககிட்ட விட்ட வேலைங்ண்ணா."

"நான் இதையும் உடைச்சுட்டா?"

"ரேஸு போகும்."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த அமைதிக்குள் என்ன வைத்திருக்கிறாள்? இதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"என்னையப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?"

"என்னங்ண்ணா?"

"பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு சொன்னாங்களே, அது."

"தெரியும்."

"எப்ப இருந்துங்க?"

"நீங்க வேலை கேட்டு வந்து நின்னீங்களே, அன்னைக்கே."

 அப்போது வந்தது அவமானமா, ஆறுதலா என்று ஜெயசீலனுக்கே விளங்கவில்லை.

"அப்பறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை? போட்டீங்களா, இல்லையான்னு?"

தமயந்தி எழுந்து, கையில் ஒட்டியிருந்த அலுமினியத் தூளைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டு நெருக்கியிருந்தா, எங்க உடைவீங்கன்னு தெரிஞ்சிருக்குமுங்ண்ணா. எத்தனை தூரம் கூட வருவீங்கன்னு தெரிஞ்சிருக்காது."

ஜெயசீலன் பம்பிலிருந்து கையை எடுத்தார்.