பூளைக்கு ஒரு சீப்பு

எப்போதும் பாதி மூடுபனிக்குள்ளேயே கிடக்கும் மலையடிவாரத்து ஆசிரமம் அது. குரு மங்களாம்பாவைவிடச் சீடர் சபேசனுக்குப் பத்து வயது கூடுதல். வீடு, வேலை எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவருக்கு நாயை மட்டும் விட மனம் வரவில்லை. பூளைப்பூ மாதிரி புசுபுசுவென்று வெள்ளை முடி தொங்கும் நாய். பெயர் பூளை.

சபேசன் ஆசாரம் பார்ப்பவர். விடியலில் ஆற்றில் முழுகிவிட்டால் பொழுது சாயும்வரை பூளையைத் தொடமாட்டார். சோற்றைக்கூட எட்ட நின்றே வைப்பார். குளிப்பாட்டவும் முடி வெட்டவும் டவுனில் நாய்களுக்கென்றே உள்ள கடைக்கு அனுப்பிவிடுவார். கமகமவென்று, கழுத்தில் ரிப்பனோடு திரும்பி வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

கொஞ்ச நாளாக அது அவரைப் பார்த்து உறுமியது. நேற்று கையைக் கடித்துவிட்டது. குட்டியிலிருந்து ஊட்டி வளர்த்த கை. சபேசனுக்கு மனசு விட்டுப்போயிற்று.

காலையில் குருவிடம் போனார். தியானத்தில் உட்கார்ந்தாலும் அந்த உறுமல்தான் கேட்கிறது, எஸ்டேட்காரர் ஒருவர் நாயைக் கேட்கிறார், சாயங்காலம் வருவார், கொடுத்துவிடலாமா என்று கேட்டார்.

"கொடுங்க," என்றார் குரு. "எப்படிப்பட்ட நாய்னு அவர் கேட்பாரே, என்ன சொல்வீங்க?"

"வெள்ளை நாய். அஞ்சு வயசு. இப்பக் கடிக்குது."

"இது கண்ணால பார்த்தது. கையால பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

தன் மரச்சீப்பை நீட்டினார். குளித்தாகிவிட்டதே அம்மா என்று இழுத்தார் சபேசன். குரு நீட்டிய கையை மடக்கவில்லை.

சபேசன் சீப்பை வாங்கிக்கொண்டு, பூளையோடு ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்து, வாலிலிருந்து சீவத் தொடங்கினார். சீப்பில் வந்த முடி காற்றில் எழுந்து மிதந்தது. பனி எது, முடி எது என்று தெரியவில்லை. ஒரு குருவி வந்து கூட்டுக்கு ஒரு கொத்து எடுத்துப் போனது. பூளையின் விலா அவர் உள்ளங்கையில் ஏறி இறங்கியது. அந்தச் சூட்டில் நேரம் போனதே அவருக்குத் தெரியவில்லை.

இடது காதை நெருங்கியதும் உறுமல் வந்தது.

சீப்பைக் கீழே வைத்தார். விரலை மட்டும் அங்கேயே வைத்துக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து, பூளை தன் மோவாயை அவர் முழங்காலில் சாய்த்தது. சிக்குப் பிடித்த முடிக்கு அடியில் சதை சீழ் கட்டியிருந்தது. அதற்குள் ஓர் ஊசிப்புல் புதைந்து கிடந்தது.

மெல்ல உருவி எடுத்தார். பூளை ஒருமுறை வீறிட்டது. பிறகு, அவர் கையில் தான் கடித்த இடத்தையே நக்கியது.

கடையில் வாயைக் கட்டித்தான் முடி வெட்டுவார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அங்கே அது தன் வலியை எப்படிச் சொல்லியிருக்கும்? சபேசன் அழுதார்.

சாயங்காலம் எஸ்டேட்காரர் கயிற்றோடு வந்தார். பூளை சபேசனின் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது. குருவும் அருகில் நின்றார்.

"கடிக்குமாங்க?" என்று கேட்டார் வந்தவர்.

சபேசன் குனிந்து பூளையின் தலையில் கை வைத்துக்கொண்டார்.

குரு சொன்னார்: "வலிச்சா கடிக்கும். எங்க வலிக்குதுன்னு இவருக்குத்தான் தெரியும்."